வாதாபிக்கு நாங்களும் போனோம்!

திருச்சியிலிருந்து மதுரைக்குப் பறக்கிற கார்கள் விராலிமலையில் மயில் பார்க்க நிற்கும். பக்கத்துக் கொடும்பாளூரில் நிற்பதில்லை. நின்றால் இரண்டு லாபம். மூவர் கோயிலைப் பார்க்கலாம். அதன் சுவரில், புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மிக அழகாகச் செதுக்கப்பட்ட பீலா ஒன்றையும் பார்க்கலாம்.

பார்க்கத்தான் முடியும், படிப்பது கஷ்டம். சம்ஸ்கிருதம், அதுவும் செய்யுள், அதுவும் கிரந்த எழுத்து. எழுதிவைத்தவர் மகா புத்திசாலி. ஊர் ஜனத்துக்குப் புரிகிற மாதிரி எழுதினால், "ஐயா, நீங்க எப்போ சண்டைக்குப் போனீங்க? வருஷம் பூரா இங்கதானே இருந்தீங்க?" என்று எவனாவது கேட்டுத் தொலைப்பானே!

அந்தப் புத்திசாலியின் பெயர் பூதி விக்கிரமகேசரி. எங்கேயோ கேட்ட பெயரா? 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்தவர்களுக்கு அவர் வானதியின் பெரியப்பா, பெரிய வேளார். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு நடிகர் பிரபு. நிஜத்தில் இருக்குவேளிர் குலத்துக் குறுநில மன்னர். தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஆளுக்கொன்று என்று மூன்று கோயில் கட்டினார். கட்டின கையோடு குடும்பத்தின் ராணுவ பயோடேட்டாவையும் சுவரில் ஏற்றிவிட்டார். கோயில் மூன்றில் ஒன்று போய் அடித்தளம் மட்டும் மிச்சம். பயோடேட்டாவுக்குப் பெரிய சேதமில்லை.

முதலில் தாத்தாவைப் பார்ப்போம். பெயர் பரதுர்க்கமர்தனன். அவருக்கு ஒரு விருது இருக்கிறது: வாதாபியை ஜெயித்தவர். ஆஹா! சாளுக்கியரின் தலைநகரம், தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் மிகப் பெரிய வெளியூர் ஆட்டம். அதில் நம்ம கொடும்பாளூர் தாத்தாவும் ஆடியிருக்கிறார். உடம்பு சிலிர்க்கிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் பார்த்துவிட்டுச் சிலிர்க்கலாம்.

நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைப் பிடித்தது 642-இல். பேரன் பூதி, வீரபாண்டியனோடு சண்டை போட்டதாகச் சொல்கிறார். அந்தப் பாண்டியன் ஆண்டது பத்தாம் நூற்றாண்டின் நடுவில். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் முந்நூறு வருடம்! நடுவில் இருப்பவர் அப்பா ஒருத்தர்தான்: சமராபிராமன். அவர் நூற்றைம்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் கணக்கு ஓரளவு ஒத்துவரும். மணப்பெண் சோழ இளவரசி அநுபமா என்கிறது கல்வெட்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வயதை விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

தாத்தா போனது வேறு ஏதோ ஒரு வாதாபிச் சண்டை என்று பூதிக்காக வாதாடலாம். ஆனால் பூதி எந்தச் சண்டை, எந்த வருஷம் என்று சொல்லவே இல்லையே! வாதாபி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். தேதி போடாத பெருமைக்கு ஆயுள் அதிகம்.

வாதாபிக்கு நிஜமாகவே போன ஒருவரைப் பற்றியும் நமக்குத் தெரியும். பரஞ்சோதி என்கிற சிறுத்தொண்டர். பெரியபுராணம் சொல்கிற கதையில் அவர் திரும்பிவந்து வாயே திறக்கவில்லை. ராஜா அவருடைய வீரத்தைப் புகழும்போது மந்திரிகள்தான் குறுக்கிட்டு, "அவர் சிவனடியார், அவரை யார் ஜெயிக்க முடியும்?" என்றார்கள். 'அடியாரைப் போய்ச் சண்டைக்கு அனுப்பிவிட்டோமே' என்று ராஜா பதறி, செல்வம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார். ஆக, போனவர் விஆர்எஸ் வாங்கிக்கொண்டு தேவாரம் கேட்கப் போய்விட்டார். போகாதவரின் பேரன் கல்தச்சரைக் கூப்பிட்டார்.

இனி பூதியின் சொந்தச் சாதனைகள். பல்லவர் படையின் ரத்தத்தால் காவிரித் தண்ணீரைச் சிவப்பாக்கினாராம். வீரபாண்டியனைப் போரில் வென்றாராம். வஞ்சிவேளை ஒழித்தாராம். பிரமாதம். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பல்லவர்களின் கதையை ஆதித்த சோழன் முடித்தது ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். வீரபாண்டியனின் கதை முடிந்தது 960-களில். இரண்டு களத்திலும் பூதி இருந்தார் என்றால், இரண்டாவது போருக்குக் கிட்டத்தட்ட தொண்ணூறு வயதில், யாராவது கைத்தாங்கலாக யானைமேல் ஏற்றிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

சரித்திர ஆசிரியர்கள் இதை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமா? பல்லவரைப் பிடித்துக்கொண்ட கட்சி பூதியை முன்னால் இழுத்தது. வீரபாண்டியனைப் பிடித்துக்கொண்ட நீலகண்ட சாஸ்திரியார் கட்சி அவரைச் சுந்தர சோழன் காலத்தில் உட்காரவைத்தது. ஒருத்தர் சுவரில் அளந்ததை வைத்து, ஆயிரம் வருடம் கழித்து வேறு சிலர் நிஜமாகவே சண்டை போட்டார்கள்!

பூதி பாண்டியனை வென்றேன் என்று மட்டும் சொன்னார், தலையை எடுத்தேன் என்று சொல்லவில்லை. அந்த அடக்கத்துக்குக் காரணம் உண்டு. அந்தத் தலைக்கு ஏற்கெனவே கியூ நின்றது.

ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டார். தொண்டை நாட்டில் பார்த்திவேந்திராதிவர்மன் என்று ஒருத்தர். அவருக்கும் அதே பட்டம், அதே தலை. (இருவரும் ஒருவரே என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஒரு தலை, ஒரு ஆள், இரண்டு பெயர் என்று கணக்கை நேர்செய்கிற நல்ல மனசு!) சுந்தர சோழன் வேறு, பாண்டியனைக் காட்டுக்குள் துரத்தியவர் நானே என்று தனியாக ஒரு பட்டம் வைத்திருந்தார். இந்தக் கூட்டத்தில் முண்டியடிக்காமல், 'நானும் ஜெயிச்சேன்' என்று பின்வரிசையில் கை தூக்கிய பூதி எவ்வளவோ தேவலை.

இருங்கள், உச்சக்கட்டமே இனிமேல்தான். அந்த வீரபாண்டியன் உயிரோடு இருந்தபோது அவர் போட்டுக்கொண்ட பட்டம் என்ன தெரியுமா? 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன். யாருடைய தலை, எப்போது எடுத்தார் என்று இன்றுவரை அடித்துச் சொல்ல ஆளில்லை. பட்டங்களை அப்படியே நம்பினால் பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்து அரசர்கள் யாருக்குமே கழுத்துக்கு மேலே எதுவும் இருந்திருக்காது.

கொடும்பாளூரின் கஷ்டத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். கிழக்கே சோழர், தெற்கே பாண்டியர், வடக்கே இருந்து அவ்வப்போது வந்துபோகும் பல்லவர். மூன்று யானைகள் முட்டிக்கொள்கிற மைதானத்தில் குடியிருக்கிறவன் தானும் யானைதான் என்று சொல்லாவிட்டால், மிதித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்க மாட்டார்கள். பெரிய ராஜாக்களுக்குப் பெருமை பொழுதுபோக்கு. சின்ன ராஜாவுக்கு அது வேலைக்கு விண்ணப்பம்.

பக்கத்து வீட்டு விண்ணப்பத்தையும் பார்த்துவிடுவோம். எட்டாம் நூற்றாண்டு முத்தரையர், சுவரன் மாறன். அவருடைய வெற்றிப் பட்டியல் தஞ்சாவூர்ப் பக்கம் செந்தலைத் தூண்களில் இருக்கிறது. அதில் ஜெயித்த ஊர்களில் அண்ணல்வாயில் உண்டு, அதாவது நம்ம அன்னவாசல். கொடும்பாளூரும் உண்டு! முத்தரையர் வந்து கொடும்பாளூரை அடித்துவிட்டுப் போன செய்தி எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது, கொடும்பாளூர்க் கல்வெட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. தபால் தாமதம்.

முத்தரையர் இன்னொரு விஷயத்திலும் முன்னோடி. பாச்சில் வேள் நம்பன், ஆசாரியர் அநிருத்தர், கோட்டாற்று இளம்பெருமானார், குவாவங் காஞ்சன் என்று நான்கு புலவர்களைப் பாட வைத்தார். இன்றைய விளம்பர கம்பெனியில்கூட ஒரு க்ளையண்டுக்கு நான்கு காப்பிரைட்டர் கிடைப்பது அபூர்வம். புலவர்கள் உஷாரானவர்கள், தங்கள் பெயரையும் தூணில் ஏற்றிவிட்டார்கள். வாளெடுத்துப் போன சிப்பாய்களின் பெயருக்குத்தான் இடம் போதவில்லை.

காப்பிரைட்டர்களின் கர்வத்துக்கு ஐஹொளேயில் ஒரு பலகையே மாட்டலாம். இரண்டாம் புலிகேசியின் ஆள் ரவிகீர்த்தி, 634-இல் அங்கே ஒரு கல்வெட்டு எழுதினார். தன் ராஜா பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வைத்தார் என்றார். போகிற போக்கில், கவிதையில் தானும் காளிதாசனும் பாரவியும் ஒரே ரேங்க் என்றும் சேர்த்துக்கொண்டார். எட்டே வருடத்தில், மதிலுக்குப் பின்னால் ஒளிந்ததாகச் சொன்ன அதே பல்லவக் குடும்பம் வாதாபிக்கே வந்துவிட்டது. காளிதாசன் கிளையில் அதைப் பற்றி ஒரு செய்யுளும் வரவில்லை.

பல்லவர் மட்டும் சும்மா விட்டார்களா? தோற்று ஓடிய புலிகேசியின் முதுகைப் பட்டயமாக்கி, அதில் 'விஜயம்' என்று எழுதினான் நரசிம்மன் என்று கூரம் செப்பேட்டில் போட்டார்கள். ஓடுகிற ஆளின் முதுகில் எழுதுவதற்கு எழுதுகிறவரும் கூடவே ஓட வேண்டுமே! அது வெற்றியா, தொடர் ஓட்டமா என்று நாம் கேட்கக் கூடாது.

அதே கூரம் செப்பேட்டில் அடுத்த காட்சி, நம்ம லால்குடிப் பக்கத்துப் பெருவளநல்லூரில் நடந்ததாகச் சொல்கிறார்கள். பரமேஸ்வரவர்ம பல்லவன், சாளுக்கிய விக்கிரமாதித்தனை அடித்த அடியில், லட்சக்கணக்கில் படை வைத்திருந்த அந்த ராஜா ஒரு கந்தையைச் சுற்றிக்கொண்டு தனியாக ஓடினாராம். பாவமாக இருக்கிறதல்லவா? அவசரப்பட்டு வேட்டி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதே விக்கிரமாதித்தன் 674-இல் காவிரிக் கரை உறையூரில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, 'காஞ்சியைப் பிடித்தேன், பல்லவ குலத்தையே நசுக்கினேன்' என்று கத்வால் செப்பேட்டை வெளியிட்டிருக்கிறார். ஒரே எதிரிகள், ஒரே வட்டாரம், இரண்டு ஜெயித்தவர்கள். தோற்றவர் யார்? வேறு யார், வயலை மிதிக்கக் கொடுத்த லால்குடிக்காரர்தான்.

வெற்றியைச் சொல்வதில் ரெடிமேட் வசனங்களும் உண்டு. எதிரி ஊரைக் கழுதை பூட்டி உழுதேன் என்பது அதில் நம்பர் ஒன். சங்க காலப் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி உழுததாகப் புறநானூறு சொல்கிறது. ஒடிசாவில் காரவேலன் பித்துண்ட நகரத்தைக் கழுதை ஏரால் உழுததாக ஹாதிகும்பாக் கல்வெட்டு சொல்கிறது. 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன், தஞ்சையையும் உறையூரையும் எரித்துவிட்டுக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாக அவருடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஒரே வசனம்! யானைப்படை, குதிரைப்படை, தேர்ப்படை என்றெல்லாம் பெருமை அடித்தவர்களின் போர்களில் கடைசிவரை நின்று வேலை பார்த்தது கழுதைப்படைதான். அதற்கு மட்டும் ஒரு மெய்க்கீர்த்தி கிடையாது.

சோழர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பெருமையை ஜனங்களின் விலாசத்திலேயே ஏற்றிவிட்டார்கள். அன்னவாசல் வட்டாரம் அந்தக் காலத்தில் 'இரட்டபாடிகொண்ட சோழ வளநாட்டு அண்ணல்வாயில் கூற்றம்'. இரட்டபாடி எங்கே இருக்கிறது? கர்நாடகத்துப் பக்கம், சாளுக்கியர் நாட்டில். அங்கே எட்டிக்கூடப் பார்க்காத அன்னவாசல் விவசாயி, மாடு விற்கப் போனால்கூட அந்த வெற்றியைச் சொல்லாமல் ஊர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது.

சரி, இரட்டபாடியைக் கொண்டது யார்? ராஜராஜன் தன் மெய்க்கீர்த்தியில் கொண்டார். மகன் ராஜேந்திரன் தன் மெய்க்கீர்த்தியில் மறுபடியும் கொண்டார். பேரன் இரண்டாம் ராஜேந்திரனும் கொண்டார். ஏழரை லட்சம் என்கிற அதன் கணக்கு மட்டும் மூன்று தலைமுறையிலும் மாறவில்லை. அப்பா ஒழுங்காகக் கொண்டிருந்தால் பிள்ளைக்கு ஏன் ஐயா இந்த வேலை?

இவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவே அமைதியாக ஒருவர் நிற்கிறார். அதே கொடும்பாளூர்க்காரர், வானதியின் அப்பாவாகக் கல்கி காட்டிய பராந்தகன் சிறிய வேளார். சுந்தர சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் ஈழத்துக்குப் படையோடு போனார். நிஜமாகவே போனார். திரும்பி வரவில்லை. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வேறு விஷயம் பேசும்போது அவரை ஈழத்தில் பட்டவர் என்று குறிப்பிடுகிறது. அவ்வளவுதான். காவிரி சிவக்கவில்லை, கடல் சிவக்கவில்லை, கழுதையும் வரவில்லை.

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே பொற்பனைக்கோட்டையில் பழந்தமிழ் எழுத்தோடு ஒரு நடுகல் கிடைத்தது. அதில் இருக்கும் பெயர் கணங்குமரன். சில வரிகளோடு சரி. போரில் செத்தவன் தானே எழுதிக்கொள்ள முடியாது என்பதுதான் நடுகல்லின் நம்பகத்தன்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை. நம்ம பக்கத்துச் சரித்திரத்தில் நான் பார்த்தவரை ஒரு விதி செல்லுபடியாகிறது: எழுத்து நீள நீள, எழுதியவர் களத்திலிருந்து தூரமாகத் தூரமாகப் போய்க்கொண்டிருப்பார்.

அளவாகப் பேசிய ராஜாவே இல்லையா? இருந்தார். சங்க காலத்தில் 'ஒல்லையூர் தந்த' பூதப்பாண்டியன். ஒல்லையூர் என்பது இதே மாவட்டத்து ஒலியமங்கலம். கங்கை கொண்டேன், கடாரம் கொண்டேன் என்று பின்னால் வந்தவர்கள் அளந்தபோது, ஒலியமங்கலத்தை மீட்டேன், போதும் என்று பட்டத்தை முடித்துக்கொண்ட அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறது. பஸ்ஸில் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்துவிடலாம்!

இன்றைக்கு இப்படி ராணுவப் பெருமை அடித்தால் சட்டம் சும்மா விடுமா? நம் நாட்டில் சிப்பாயாக இல்லாதவர், சிப்பாய் என்று பிறர் நம்பட்டும் என்று அந்த உடையைப் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆவது பிரிவின்படி 3 மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய்தான், விலைவாசி ஏறியிருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அந்தப் பிரிவு பிடிப்பது சட்டையை. நாக்கை அல்ல.

அமெரிக்காவில் சட்டம் போட்டு நாக்கைப் பிடிக்கப் பார்த்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரியத்துக்குத் தேர்வான சேவியர் அல்வாரெஸ், கூட்டத்தில் எழுந்து, 'நான் ரிட்டையர்டு மரீன், நாட்டின் உச்ச வீரப் பதக்கம் வாங்கியவன்' என்றார். அத்தனையும் கப்சா. ராணுவத்தின் பக்கமே போனதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012-இல், பொய்ப் பெருமை பேசுவதும் பேச்சுரிமையே என்று தீர்ப்பாகி அந்தச் சட்டமே அடிபட்டுப் போனது. 2013-இல் புதுச் சட்டம் போட்டார்கள்: சும்மா அளந்தால் பரவாயில்லை, அளந்து பணமோ பலனோ பறித்தால்தான் குற்றம்.

அந்த அளவுகோலைப் பூதிக்கு வைத்துப் பாருங்கள். காளாமுக சைவ குருவான மல்லிகார்ஜுனருக்குப் பெரிய மடம் கட்டிக் கொடுத்து, ஐம்பது துறவிகளுக்குச் சாப்பாடு போட பதினோரு கிராமங்களையும் எழுதிவைத்தார். பொய் சொல்லிச் சம்பாதித்தவனைப் பிடிக்கலாம். பொய் சொல்லிக்கொண்டே தன் சொத்தைச் செலவழித்தவரை எந்தக் கோர்ட் என்ன செய்யும்? விடுதலை!

தண்டனை கிடைத்தது வேறு ஒரு குடும்பத்துக்கு. புதுக்கோட்டைத் தொண்டைமான்களிடம் பொய்யே இல்லாத சர்வீஸ் ரெக்கார்டு இருந்தது. திருச்சி முற்றுகையில் உதவினார்கள், ஹைதர் அலிக்கு எதிராக நின்றார்கள், பாளையக்காரர் போர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். 1799-இல் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள் ஆட்கள்தான். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு.

எல்லாவற்றுக்கும் சன்மானமாக 1803-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கீழாநிலைப் பகுதியைக் கொடுத்தது. வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. கம்பெனி அந்த யானையைக் கேட்கவே இல்லை. 1836-இல் வேண்டாம் என்று முறைப்படி தள்ளுபடியே செய்துவிட்டது. வட்டியும் முதலுமாகக் கணக்குப் பார்க்கிற வெள்ளைக்காரன், வருஷத்துக்கு ஒரு யானையை விட்டுக்கொடுத்தான் என்றால், சேவை எவ்வளவு பிடித்துப்போயிருக்க வேண்டும்!

கல்வெட்டுப் புளுகு இல்லை, தேதி உண்டு, இடம் உண்டு, கையெழுத்து உண்டு, யானைக்கே ரசீது உண்டு. வாதாபிக்குப் போகாத தாத்தாவைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற நாம், ஆதாரத்தோடு போருக்குப் போன இவர்களைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். 1959-இல் சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக வந்து கர்ஜித்த பிறகு நிலைமை இன்னும் மோசம். தொண்டைமான் வாக்குக் கொடுத்தது கம்பெனிக்கு, அதைத்தானே காப்பாற்றினார் என்று புதுக்கோட்டைக்காரர்கள் இன்றும் வாதாடுவார்கள்; சினிமாக் கொட்டகையில் அந்த வாதம் எடுபடாது.

ஆகவே மக்களே, யாராவது மீசையைத் தடவிக்கொண்டு "எங்க பாட்டனார் அந்தக் காலத்துல சண்டைக்குப் போனப்போ..." என்று ஆரம்பித்தால், நிஜமாகவே போனாரா என்று மட்டும் கேட்டு அவமானப்படுத்தாதீர்கள். போனார் என்று ஆதாரத்தையே எடுத்து நீட்டினால், அடுத்த கேள்வியை மெதுவாகக் கேளுங்கள்: "யார் பக்கம்?"